பேரீச்சம்பழமும் பிஎச்.டியும்

"பி.காம் முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே?"

இறுதியாண்டில் இருக்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சி.ஏ., பேங்க் எக்ஸாம், எம்.பி.ஏ. என்று எதையாவது சொன்னால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடிக்கப் போய்விடுவார். நான் சொல்லும் பதிலுக்குத்தான் முழிக்கிறார்கள். "சுழற்சிப் பொருளாதாரத்திலும் நீடித்த விநியோகச் சங்கிலியிலும் ஆராய்ச்சி பண்ணி, அப்புறம் காலேஜில் பாடம் எடுக்கப் போறேன்."

வகுப்பு நண்பன் ஒருவன் இதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அதாவது, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறதுக்குப் பிஎச்.டி. அவ்வளவுதானே?" :-)

கிண்டலாகச் சொன்னாலும் பாதி சரியாகத்தான் சொன்னான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது என்ன?

ஒரு பனியனை எடுத்துக்கொள்வோம். பஞ்சு ஜின்னிங் ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து நூற்பாலைக்கு. நூல் திருப்பூருக்கு வந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பல கைகள் மாறித் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு முதலாளியின் ஜாப் ஒர்க். இந்த வரிசைக்குத்தான் விநியோகச் சங்கிலி என்று பெயர். நம் பாடப் புத்தகமும் இதுவரைக்கும் சொல்லிவிடும்.

சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, வழியில் கழிந்தவை எங்கே போயின? சாயத் தண்ணீர், வெட்டியதில் மிஞ்சிய துணி, உப்பு, சாம்பல். இரண்டு, வாங்கியவர் பனியனைக் கிழித்துத் தூக்கிப் போட்ட பிறகு அது எங்கே போகிறது? முதல் கேள்விக்குப் பதில் தேடுவது நீடித்த விநியோகச் சங்கிலி. பொருள் திரும்பி வந்து மறுபடி பொருளாவதற்கு வழி தேடுவது சுழற்சிப் பொருளாதாரம்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. கென்னத் போல்டிங் என்ற பொருளாதார அறிஞர் 1966-இலேயே, பூமியை எல்லையில்லாத மேய்ச்சல் நிலமாக நினைக்காமல் விண்கலமாக நினைக்கச் சொன்னார். கலத்துக்குள் கொண்டுபோனதுதான் கையிருப்பு, குப்பையை வெளியே எறிய இடமில்லை. 1976-இல் வால்டர் ஸ்டாஹல், ஜெனிவீவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பழைய காரையும் கட்டடத்தையும் புதுப்பித்துப் பயன்படுத்தினால் எரிசக்தி குறையும், ஆட்களுக்கு வேலை கூடும் என்பது அதன் சாரம். 2005-இல் தனியாளாகப் பாய்மரப் படகில் 71 நாளில் உலகத்தைச் சுற்றி வந்து சாதனை படைத்த எலன் மெக்கார்தர், 2010-இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இந்தச் சொல் கம்பெனிகளின் வாயில் புகுந்ததில் அந்த அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு.

சொல் பிரபலமானதும் என்ன நடக்கும்? ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். 2017-இல் கிர்ஹெர், ரெய்க், ஹெக்கர்ட் என்ற மூவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 'சுழற்சிப் பொருளாதாரம்' என்பதற்கு 114 வரையறைகள்! தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தால் என்ன எழுதுவது என்று பயமாக இருக்கிறது.

காமர்ஸ்காரனுக்கு இங்கே என்ன வேலை?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மறுசுழற்சி என்றால் கெமிக்கல் இன்ஜினியரிங், மெஷின், ஆலை என்றுதான் மனதில் படம் ஓடுகிறது. என் கட்சி வேறு. பல இடங்களில் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. வட்டம் உடைவது கணக்கில்தான். பொருள் திரும்பி வரும் பாதைக்கு யார் செலவு செய்வது, அது யார் பேரேட்டில் ஏறுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் எந்த மெஷினும் ஓடாது.

டாஸ்மாக்கை எடுத்துக்கொள்வோம் (குடிப்பதற்கு இல்லை, உதாரணத்துக்கு).

நீலகிரியில் காட்டுக்குள் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 மே மாதம் அங்கே ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். அவ்வளவுதான். புது மெஷின் இல்லை, விழிப்புணர்வு ஊர்வலம் இல்லை. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பிறகு நீதிமன்றத்தின் உத்தரவுகளால் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது.

இப்போது காமர்ஸ் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பத்து ரூபாய் வருமானமா? இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியது, ஆகவே இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் வர வேண்டும். திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய்? அது யாருடைய பணம்? கடையுடையதா, அரசுடையதா, காட்டைச் சுத்தம் செய்பவருடையதா? கடைக்காரர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டும் நேரம், காலி பாட்டிலை எண்ணி அடுக்கும் இடம், இதெல்லாம் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்? ஒரு பாட்டிலை வைத்து ஒரு செமஸ்டர் நடத்தலாம் போலிருக்கிறது.

இதற்கும் ஆராய்ச்சி உலகத்துக்கும் நேர்த் தொடர்பு உண்டு. 2004-இல் சவாஸ்கன், பட்டாச்சார்யா, வான் வாசன்ஹோவ் மூவரும் 'மேனேஜ்மென்ட் சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறைக்குள் நுழையும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கேள்வி எளிமையானது. பழைய பொருளை யார் திரும்ப வாங்க வேண்டும்? தயாரித்த கம்பெனியா, விற்ற கடைக்காரரா, மூன்றாவது ஆளா? கணித மாதிரி போட்டுப் பார்த்து, அவர்கள் எடுத்துக்கொண்ட நிபந்தனைகளுக்குள் கடைக்காரர்தான் சிறந்தவர் என்று காட்டினார்கள். அவர் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருக்கிறார். திரும்ப வாங்குவதால் வரும் சேமிப்பு விற்கும் விலையிலும் எதிரொலித்து, விற்பனையும் கூடுகிறது. கோடாக் நிறுவனத்தின் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் கேமரா இப்படித்தான் திரும்பியது. படம் கழுவ ஸ்டுடியோவில் கேமராவையே கொடுத்தாக வேண்டும், அங்கிருந்து அது கம்பெனிக்குப் போகும்.

அதாவது, டாஸ்மாக் கவுன்டர் செய்வது அந்த மாதிரி சொன்னதைத்தான். ஆனால் மாதிரி சொல்லாதது ஒன்று உண்டு. பாட்டில் வாங்கும் வேலை தங்கள் தலையில் விழுகிறது, இடமும் இல்லை ஆளும் இல்லை என்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சமன்பாட்டில் 'திரும்ப வாங்கும் செலவு' என்பது ஒற்றை எழுத்து. கவுன்டருக்குப் பின்னால் அது ஒரு மனிதரின் முதுகு வலி. அந்த ஒற்றை எழுத்தைப் பிரித்து எழுதும் வேலைக்கு இன்ஜினியரைவிட அடக்கவிலைக் கணக்கியல் படித்தவர்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

திருப்பூர் சொல்லிக்கொடுத்த பாடம்

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், ஆகவே இது வீட்டுச் சோற்றோடு சேர்ந்த கதை.

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் விவசாயத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியது சாயக் கழிவு. அணைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. யோசித்துப் பாருங்கள், கீழ்ப் பாசன விவசாயி தண்ணீர் வேண்டாம் என்கிறார்! ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள், வருடக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே உத்தரவில் நின்றன.

அத்தனை வருடம் கப்பலில் போன பனியனின் விலையில் நூல் இருந்தது, சாயம் இருந்தது, கூலி இருந்தது, கமிஷன்கூட இருந்தது. ஒரத்துப்பாளையத்து விவசாயியின் தென்னை மட்டும் இல்லை. அவர் எந்தக் கம்பெனியின் கடனாளிகள் பட்டியலிலும் இல்லை, கடனீந்தோர் பட்டியலிலும் இல்லை. பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒரு பத்தியில் கடந்துபோகிறோமே, அது இதுதான்.

பிறகு வந்தது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறை. 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' என்பார்கள். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, நல்ல தண்ணீரை மறுபடி சாயப் பட்டறைக்கே அனுப்புவது. மிஞ்சும் உப்புக் கரைசலையும் முடிந்த அளவு சாயமேற்றப் பயன்படுத்துவது, கடைசியில் நிற்பதைக் காய்ச்சி ஆவியாக்குவது. தமிழக அரசு 2011-இல் இதற்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆலைகள் மெல்ல மெல்லத் திரும்ப ஓடின. தண்ணீர் வட்டம் மூடப்பட்டது. உலகம் முழுக்கச் சுழற்சி பற்றிப் பேசுபவர்கள் திருப்பூரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள், பெருமைதான்.

ஆனால் கணக்கு முடிந்துவிட்டதா? காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மிஞ்சும், அவற்றை மூட்டை கட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறும். வெளிநாட்டில் வாங்குபவர் "சுத்தமான துணி வேண்டும்" என்கிறார், சரி. அந்தச் சுத்தத்துக்கு விலை சேர்த்துக் கொடுக்கிறாரா, அல்லது அதே விலையில் கேட்கிறாரா? சங்கிலியில் பலம் யாரிடம் இருக்கிறதோ அவர் செலவைத் தள்ளிவிடுகிறார், பலம் இல்லாதவர் சுமக்கிறார். இதை எண்களோடு எழுத வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. இந்த ஊர்க் கணக்கு வழக்கும் தெரிந்து, ஆராய்ச்சி இதழ்களின் மொழியும் தெரிந்த ஆட்கள் இன்னும் நிறைய வேண்டும்.

நல்ல காரியம்தானே என்று விட்டுவிட முடியாது

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கட்டுரை, துறையையே சந்தேகப்படும் ஒன்று. 2017-இல் ட்ரெவர் ஜிங்க், ரோலண்ட் கெயர் இருவரும் எழுதியது. மறுசுழற்சிப் பொருள் சந்தைக்கு வந்ததும் அதே அளவுக்குப் புதுப் பொருள் தயாரிப்பு குறையும் என்று நாம் நினைக்கிறோம். அது உறுதியில்லை என்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதால் மக்கள் கூடுதலாக வாங்கலாம். பழையதும் ஓடும், புதியதும் ஓடும்.

கட்டிங் வேஸ்டை நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் மறுபடி நூலாக்குவது நம் பக்கத்தில் நடக்கும் தொழில். ஏற்கெனவே நிறம் இருப்பதால் பல நேரம் சாயமே வேண்டாம். மிக நல்ல விஷயம். ஆனால் அந்த நூலில் செய்த மலிவான துணி, புதுப் பஞ்சில் செய்திருக்கக்கூடிய துணியின் இடத்தைப் பிடித்ததா, இல்லை அதோடு கூடுதலாக ஒன்றாகச் சேர்ந்ததா? விளம்பரம் எழுதுபவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்பதும் கஷ்டம். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்க முடியும். கார்ப்பரேட்டில் 'சஸ்டைனபிலிட்டி' வேலைக்குப் போகாமல் ஏன் வாத்தியார் வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

கம்பெனி வேலைகளும் வருகின்றன, மறுக்கவில்லை. செபியின் விதிப்படி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் நீடிப்புத்தன்மை அறிக்கை தருவது கட்டாயம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர் தன் பொருளின் கழிவுக்கும் பொறுப்பு. மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு அரசு குறைந்தபட்ச விலை வைத்தபோது சில கம்பெனிகள் நீதிமன்றம் போயின. பாருங்கள், சண்டை இங்கேயும் மெஷினைப் பற்றி இல்லை, கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதைப் பற்றித்தான்.

சரி, வழி என்ன?

என்னைப் போல யோசிப்பவர்களுக்காக, தேடித் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. மூன்று வருட பி.காம் மட்டும் போதாது. எம்.காம் அல்லது எம்.பி.ஏ. வேண்டும். சி.ஏ. படிப்பவர்கள் மனம் தளர வேண்டாம். பட்டத்தோடு சி.ஏ. முடித்தவர்களை அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் பிஎச்.டிக்கு விண்ணப்பிக்க விடுகிறார்கள்.

2. யு.ஜி.சி. நெட் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை. காமர்ஸ் பாட எண் 08, மேனேஜ்மென்ட் 17. முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். (2024 ஜூன் தேர்வை நடத்திய மறுநாளே ரத்து செய்தார்கள், அந்த அளவுக்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.)

3. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை.

4. விநியோகச் சங்கிலிக்கென்றே பெயர் பெற்ற மும்பை நிட்டி 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. வெளிநாடு என்றால் நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பளம் உள்ள வேலையாகவே விளம்பரமாகிறது.

5. கணக்கு முக்கியம். ப்ளஸ் டூவில் பிசினஸ் மேத்ஸோடு நின்றவர்கள் புள்ளியியலும் ஆப்டிமைசேஷனும் தனியாகப் படித்தாக வேண்டும். நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

இனி இனிக்காத பக்கம். பிஎச்.டி. முடித்ததும் நிரந்தர வேலை காத்திருக்காது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் நெட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்களாக வருடக்கணக்கில் இருக்கிறார்கள். 2023-இல் அவர்களின் மாத ஊதியம் 20,000-இலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. யு.ஜி.சி. 2019-இல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000. இடைவெளியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாடம் எடுப்பவர்களிலேயே இப்படி இருப்பவர்கள் உண்டு. வகுப்பு முடிந்ததும் மாலை டியூஷனுக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அப்பாவுக்கு இது தெரியும். அதனால்தான் கேட்டார்: "ஏங் கண்ணு, சி.ஏ. முடிச்சா முப்பது வயசுல ஆபீஸ் போட்டுக்கலாம். இதுல முப்பது வயசுலயும் ஸ்காலர்ஷிப்தானே?"

நியாயமான கேள்வி. "ஆமாங்கப்பா" என்றுதான் சொன்னேன். கடன் வாங்கிப் படிக்க மாட்டேன், ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மட்டும் பிஎச்.டி., முதுகலை முடிந்து இரண்டு வருடத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் ஏதாவது கம்பெனிக் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அவராகவே, ஒரு கிலோ துணிக்குச் சாயக் கூலி எப்படிப் போடுகிறார்கள், அதில் சுத்திகரிப்புச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எந்த இதழ்க் கட்டுரையிலும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. அவர் முப்பது வருடமாக எழுதும் கணக்கு ஆராய்ச்சிக்குரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

எம்.காம் விண்ணப்பங்கள் வாங்கியாகிவிட்டது. வகுப்பில் இன்னும் யாராவது நெட் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், சேர்ந்து படிக்கலாம். முதல் தாளின் 'லாஜிக்கல் ரீசனிங்' எனக்கு வரும், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் அவசரமாகத் தேவை.